சம்பந்தி வீட்டு விசாரிப்பு

1

இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான் ஹோசேயில் இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்கில், கீரைக்கட்டையும் தயிர் டப்பாவையும் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது என் சிநேகிதி மீனாக்ஷி இதை என் தலையில் கட்டினாள். கதையாக இல்லை, வேலையாக.

"செல்வி, உனக்குத்தான் அவங்களைத் தெரியும். கேக்கற மாதிரியே இருக்கக்கூடாது, ஆனா கேட்டுட்டு வந்துடணும்" என்றாள்.

விஷயம் இதுதான். மீனாக்ஷியின் மகள் அதிதி, லாம் என்கிற வியட்நாமியப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அழுகை, பட்டினி, எங்களை ஒரு நிமிஷம் நினைச்சியா என்ற கேள்வி எல்லாம் போன வருஷமே நடந்து முடிந்துவிட்டன. இப்போது மீனாக்ஷியே பார்க்கிறவர்களிடமெல்லாம் நம்ம பசங்களைவிட மரியாதை தெரிஞ்ச பையன் என்று சொல்லும் கட்டத்துக்கு வந்துவிட்டாள். போன மாதம் பையனின் அப்பா அம்மாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாடெல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் காபி வந்தது. மீனாக்ஷி பெருமையாக டபரா டம்ளரில் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். லாமின் அப்பா வாங்கியபோது கை கடகடவென்று ஆடி, பாதிக் காபி கார்ப்பெட்டில் போய்விட்டது.

மீனாக்ஷியின் கணவர் சிவராமகிருஷ்ணனுக்கு மாம்பலத்தில் ஒரு சித்தப்பா இருந்தார். காலையில் முதல் கிளாஸ் உள்ளே போகும்வரை அவருக்கும் கை அப்படித்தான் ஆடும். ஆகவே விருந்தாளிகள் கிளம்பி கராஜ் கதவு மூடுவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சம்பந்தி குடிகாரர்.

நம் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்பார்கள். அடுத்த வீட்டில், ஆபீசில், துணி இஸ்திரி போடுகிறவரிடம், குடும்ப டாக்டரின் கம்பவுண்டரிடம். குடி உண்டா, கோபம் உண்டா, வம்சத்தில் ஏதாவது வியாதி உண்டா என்று ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்பார்கள். சான் ஹோசேயில் யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் பெயரே தெரியாது. இரண்டு குடும்பத்தையும் தெரிந்த ஒரே ஆள் நான். லாமின் அம்மா ஹான், ஒரு ஹார்டுவேர் கம்பெனியின் டெஸ்ட் லேபில் எனக்குப் பல வருஷம் மேனேஜராக இருந்தார். ரிடையர் ஆன பிறகும் மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து சாப்பிடுகிறோம்.

போனேன். கேட்டேன். பதில் கிடைத்தது. ஆனால் அது ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்கிற பதிலாக இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்பதே பெரும் பாடாக இருக்கிறது. எழுதி நிறுத்தியதை மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

[1967. வியட்நாமின் பியென் ஹோவா நகரின் மேல் மூன்று விமானங்கள் பறந்தன. அவற்றின் பின்னால் வெள்ளைப் புகை, மல்லிகைச் சரம் போல]

நிறுத்திவிட்டேன். 1967-இல் நான் பிறக்கவே இல்லை. என் அப்பாவுக்கு அப்போதுதான் திண்டுக்கல்லில் மின்சார வாரிய வேலை கிடைத்திருந்தது. அதைவிட, விஷத்தைப் போய் மல்லிகைச் சரம் என்று எழுதுகிற கையை முதலில் தட்டவேண்டும்.

[ரேமண்ட் தன் கைகளை உற்றுப் பார்த்தார். பத்தொன்பது வயதில் இந்தக் கைகள்தான்]

இதையும் நிறுத்தினேன். ரே நிஜமான மனிதர், பிறகு வருவார். ஆனால் தமிழ்க் கதையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் கையை உற்றுப் பார்த்தால் அடுத்து அவர் ஒரு தத்துவம் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவரை ரே பேசுவது இரண்டே விஷயம்தான். ஒன்று தக்காளிச் செடி, இன்னொன்று பேஸ்பால்.

[கார்ப்பெட்டில் கொட்டிய காபியை யாரும் உடனே துடைக்கவில்லை.]

இது பரவாயில்லை. ஆனால் பொய். மீனாக்ஷி உடனே துடைத்துவிட்டாள், அது அவள் சுபாவம். வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்று தரையில் மண்டியிட்டுத் துடைத்தபடியே, எங்க வீட்ல தினமும் யாராவது கொட்டுவோம் என்று சிரித்திருக்கிறாள். இதை ஹான்தான் எனக்குச் சொன்னார். மீனாக்ஷி சொல்லவில்லை.

3

ஹானோடு வழக்கமான நூடுல்ஸ் கடைக்குப் போனேன். எனக்கு டோஃபு போட்டது, அவருக்கு மாட்டெலும்புச் சாறில் செய்தது.

இங்கே எழுதுகிறவளுக்கு ஒரு சிக்கல். ஹான் என்னோடு பேசுவது ஆங்கிலம், அதிலும் பாதி வாக்கியம் லேப் ஆங்கிலம். அவரை எந்தத் தமிழில் பேசவைப்பது? சென்னைத் தமிழ் பேசவைத்துப் பார்த்தேன், மேற்கு மாம்பலத்து மாமி மாதிரி ஆகிவிட்டார். புத்தகத் தமிழில் பேசவைத்தால் ரேடியோச் செய்தி. கடைசியில் என் பெரியக்கா பேசுகிற தமிழையே கொடுத்துவிட்டேன். ஹானுக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் அவர் தமிழ் கற்றுக்கொண்டு வந்து சொல்லட்டும்.

நான் சுற்றி வளைத்தேன். வெயிலைப் பற்றிக் கேட்டேன். துவானின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். துவான்தான் அவர் கணவர். சாயங்காலங்களில் அவர் என்ன செய்வார், சிநேகிதர்கள் உண்டா, பார்ட்டிக்கெல்லாம் போவாரா என்று கேட்டேன். ஹான் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விசாரிக்க வந்திருக்கே" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சிரித்தார். அவர்கள் பக்கத்திலும் இதே வழக்கம்தானாம். அவருடைய கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துவரப் போன அத்தை, இரண்டு நாள் அவர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாராம்.

துவான் குடிப்பதில்லை. எப்போதும் குடித்ததில்லை. அவருக்குப் பார்க்கின்சன். கை ஆடுவது, நடை சிறுத்துப்போவது, குரல் அடங்கிப்போவது எல்லாம் அதனால்தான். ஹான் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு எப்படி வந்தது என்றும் சொன்னார், நான் கேட்காமலே.

துவான் இளவயதில் தென் வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர். பியென் ஹோவா விமானதளத்தில் வேலை. அங்கே அமெரிக்கர்களின் களைக்கொல்லிப் பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். கசிகிற பீப்பாயை உருட்டிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போவார்களாம். செடி கொடிக்குத்தானே மருந்து, மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருந்தார்கள். காலியான பீப்பாய்கள் ஊருக்குள் வந்தன. நல்ல தகரம், ஓட்டை கிடையாது. அப்போது ஹான் பள்ளிக்கூடத்துப் பெண். யாரோ ஒரு சிப்பாய் ஹானின் அப்பாவுக்கு அப்படி ஒரு பீப்பாய் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, மழைத்தண்ணீர் பிடித்துவைத்தார்கள். வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரில்தான் சோறு வெந்தது.

நான் மீனாக்ஷியிடம் போய்ச் சொன்னேன். குடி இல்லை, பார்க்கின்சன். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாவம், நாம வேற தப்பா நினைச்சோம், வயசானா வர்றதுதானே என்றாள். பீப்பாய்க் கதையையும் சொன்னேன். உச்சுக்கொட்டினாள், கண்கூடக் கலங்கினாள், அந்த வாரமே காஞ்சிபுரத்துக்கு வீடியோ காலில் புடவை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அது கல்யாண வீட்டு வேடிக்கைக் கதை. எனக்கும் எழுதுகிற கை வலி மிச்சமாகியிருக்கும்.

4

ரேவை இங்கே கொண்டுவருகிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி நல்லது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். துவான் போகிற வகுப்பில் ரேவும் வருகிறார். எழுபதைத் தாண்டிய இரண்டு கிழவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஒரே மூட்டையைக் குத்துகிறார்கள். ஒருநாள் ஹானுக்குக் கார் மக்கர் செய்தபோது துவானை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் ரேவைப் பார்த்தேன்.

இருவரும் அந்தப் போரில் ஒரே பக்கத்தில் இருந்தவர்கள். அதே தளத்தில் ரேவும் அமெரிக்கச் சிப்பாயாகச் சில மாதங்கள் இருந்திருக்கிறார். ரேவுக்கு வந்த பார்க்கின்சனைப் போரின் விளைவு என்று அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்டு உதவித்தொகை தருகிறது. அந்த மண்ணில் இருந்தாரா, இந்த நோய் வந்ததா, அவ்வளவு போதும். எந்தப் பீப்பாய், எந்தத் தேதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த இடத்துக்கு வருவதற்கே அந்த வீரர்கள் பல வருஷம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். துவான் இருந்தது வேறு நாட்டு ராணுவம். ஆகவே அவருக்கு வந்திருப்பது வெறும் வயோதிகம். அந்த ஊரில் ஏரி மீனையும் வாத்தையும் சாப்பிட்டு வளர்ந்த ஹானைப் போன்றவர்களைப் பற்றி இங்கே யாரும் கேட்கவே இல்லை.

ரே இதை அநியாயம் என்று நினைக்கிறாரா என்று நான் கேட்டேன். [ரேவின் நீலக் கண்கள் கலங்கின. "என் தோழருக்குக் கிடைக்காத நீதி எனக்கும்] இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை. தோளைக் குலுக்கினார். துவானிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அவர் மூட்டையை வேகமாகக் குத்த ஆரம்பித்துவிடுவார், அதனால் எடுப்பதில்லை என்றார். பிறகு தன் தக்காளியைக் காட்டினார், போனில்.*

* ரேவுக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. அதையும் களைக்கொல்லியால் வந்ததாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மீனாக்ஷிக்கும் சிவராமகிருஷ்ணனுக்கும் சர்க்கரை. இருவரின் அப்பாக்களுக்கும் சர்க்கரை. அந்த விருந்தில் பாயசத்துக்குப் பிறகு இருவரும் சமையலறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்ததை ஹான் கவனித்திருக்கிறார். உங்க ஊர்லயும் யாராவது பீப்பாய் குடுத்தாங்களா என்று என்னிடம் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

கொஞ்சம் கட்டுரை எழுதித்தான் ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். காடுகளின் இலையை உதிர்க்கவும் வயல்களைக் கருக்கவும் தெளித்தது அந்த மருந்து. பீப்பாயில் பூசியிருந்த வண்ண வளையத்தை வைத்து அதற்கு ஆரஞ்சு என்று பெயர் வந்தது. ஆனால் மனித உடம்பைக் கெடுத்ததில் பெரும்பங்கு, அதைத் தயாரிக்கும்போது உடன் உண்டான டயாக்சின் என்ற நச்சுக்குத்தான். அது கொழுப்பில் போய்த் தங்கும். உடம்பில் அது பாதியாகக் குறையவே பல வருஷம் ஆகும். சேற்றில் தங்கும், சேற்றிலிருந்து மீனுக்கு வரும், மீனிலிருந்து தாய்க்கு, தாய்ப்பாலிலிருந்து பிள்ளைக்கு. இதுவரை விஞ்ஞானிகள் தெளிவாகச் சொல்கிறார்கள். அதற்கு அப்பால், இந்தப் பிள்ளைக்கு இந்தக் குறை இதனால்தான் வந்ததா, பேரப்பிள்ளைக்கும் போகுமா என்று கேட்டால் ஆதாரம் போதவில்லை என்கிறார்கள். எத்தனையோ நோய்களுக்கும் குறைகளுக்கும் நேரே இந்த வார்த்தைதான் இருக்கிறது. அது உண்டு என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை.

5

நிச்சயதார்த்தம் மாதிரி ஒன்றைச் சின்னதாக மீனாக்ஷி வீட்டிலேயே வைத்தார்கள். தட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்போது மீனாக்ஷி உற்சாகத்தில் ஹானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் பாட்டி ஆயிடணும், பேபி சிட்டிங்குக்கு நான் ரெடி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. எந்தத் தமிழ் அம்மாவும் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஹான் சிரித்தார். ஆனால் கையை மெதுவாக உருவிக்கொண்டார். அதை நான் மட்டும் பார்த்தேன் என்று எழுதத் தோன்றுகிறது, உண்மையில் அதிதியும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் ஹான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். துவான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"லாமுக்கு முன்னாடி ஒரு குழந்தை இருந்தது. அவனுக்குத் தெரியாது. அவன்கிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாத்துக்கறேன். நீ உக்காந்து கேளு, போதும்."

நான் கேட்டேன். போருக்குப் பிறகு, அவர்கள் படகேறி நாட்டைவிட்டு வருவதற்கு முன்னால், அதே ஊரில் பிறந்த பெண்குழந்தை.

[குழந்தையின் கைகள்]

[மருத்துவச்சி துணியை விலக்கியபோது]

[அதற்கு]

மூன்று நாள் இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுத வரவில்லை என்று சொல்லமாட்டேன், வந்தது. வந்ததைப் படித்துப் பார்த்தால் கண்காட்சி மாதிரி இருந்தது. இந்த விஷத்தைப் பற்றிய புகைப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் குழந்தைகளுக்குப் பெயர் இருக்காது, உடம்பு மட்டும் இருக்கும். ஹான் என்னிடம் சொன்னதில் உடம்பைப் பற்றி இரண்டே வாக்கியம் இருந்தது. மீதியெல்லாம் அந்தக் குழந்தை யாருடைய குரலைக் கேட்டால் அழுகையை நிறுத்தும் என்பதைப் பற்றியும், மழைக்காலம் முழுக்க அதை மாற்றி மாற்றி மார்மேலேயே போட்டுத் தூங்கவைத்ததைப் பற்றியும். அடுத்த மழைக்காலத்துக்கு அது இல்லை. அதனால் அந்த இரண்டு வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

சொல்லி முடித்ததும் ஹான் எழுந்து தேநீர் போட்டார். சத்தமா சொன்னா இவ்வளவுதான் இருக்கு என்று ஆச்சரியப்பட்டார். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

6

ஹான் அந்த ஞாயிற்றுக்கிழமையே லாமிடம் சொன்னார். லாம் அன்றைக்கே அதிதியிடம் சொன்னான். இருவரும் மரபணு ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பொறுமையாக ஒரு மணிநேரம் பேசினாராம். செய்துபார்க்கக்கூடிய பரிசோதனைகளைச் சொன்னார். லாம் பிறந்தது இங்கே, அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்பது நல்ல விஷயம் என்றார். அவன் வழியாக ஏதாவது போகுமா என்ற கேள்விக்கு மேலே சொன்ன அதே பதிலைத்தான் சொன்னார்.

இதையெல்லாம் அதிதி என் வீட்டுச் சோஃபாவில் உட்கார்ந்து சொன்னாள். அவள் பேசியது முழுக்க ஆங்கிலம். தமிழ் எல்லாம் புரியும், பேச மட்டும் வராது.

கல்யாணத்தில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. குழந்தை வேண்டும் என்பதிலும் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது. அந்தப் பயத்தோடு பெற்றுக்கொள்வதா, தத்தெடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவு தன்னுடையதும் லாமுடையதும் என்றாள். அவளுக்குத் தேவை வேறொன்று.

"அம்மாக்குத் தெரியாம அந்த மேடைல உக்கார மாட்டேன். தெரிஞ்சப்புறம் அம்மா வரலைன்னா, கோர்ட் ஹவுஸ்ல பண்ணிப்போம். ஆனா எனக்கு அம்மா வரணும், செல்வி ஆன்ட்டி."

அப்புறம் ஏன் நீயே சொல்லக்கூடாது என்று கேட்டேன். சொல்ல மூன்று தடவை முயற்சி செய்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பேச்சு தீவிரமாகிறது என்று தெரிந்ததுமே மீனாக்ஷி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும். ஆங்கிலத்தில் சொன்னால் டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருக்கிறது, தமிழில் அவளுக்கு அத்தனை வார்த்தை இல்லை.

நான் கதை எழுதினால் அதை முதலில் படிப்பவள் மீனாக்ஷி. கையில் பென்சிலோடு, ஒரே மூச்சில் படிப்பாள். போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள். அதிதி சின்ன வயசிலிருந்து இதைப் பார்த்திருக்கிறாள்.

"நீங்க எழுதிக் குடுங்க. அதை மட்டும்தான் அம்மா பாதில எழுந்து போகாம படிப்பா."

7

எழுதியதை முதலில் ஹானுக்குப் படித்துக் காட்டினேன். படிப்பது என்றால், தாளில் இருந்த தமிழை வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலமாக்கிச் சொன்னேன். துவானும் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஆடாமல் இருக்க இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயிலைப் பற்றிக் கேட்டுச் சுற்றிவளைத்த இடத்தில் ஹான் சிரித்தார். பெரியக்காவின் தமிழைக் கொடுத்திருக்கிறேன் என்றதும் உங்க அக்கா குண்டா என்று கேட்டார். 'யாரோ ஒரு சிப்பாய்' என்ற இடம் வந்தது. துவான் ஏதோ சொன்னார். அவர் குரல் இப்போதெல்லாம் மிகவும் தணிந்துவிட்டது, எனக்குக் கேட்கவில்லை. படிப்பதை நிறுத்தினேன்.

"யாரோ இல்லை" என்றார் மறுபடியும். "நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

எனக்கு அது தெரியும். ஹான் அன்றைக்கு நூடுல்ஸ் கடையிலேயே சொல்லியிருந்தார். அப்போது தளத்தில் சிப்பாயாக இருந்த துவான்தான், ஹானின் அப்பாவிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக அந்தப் பீப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அப்பாவுக்கு அவர்மேல் அபிப்பிராயம் வந்ததே அதனால்தான். எழுதும்போது நான்தான் அதை யாரோ ஒரு சிப்பாய் ஆக்கினேன். கதையில் இப்படியெல்லாம் செய்யலாம், ஒரு மனிதரின் தலையிலிருந்து பாரத்தை இறக்கிப் பெயரில்லாதவன் தலையில் வைக்கலாம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

பீப்பாயா, ஏரி மீனா, அவர் சட்டையில் துடைத்துக்கொண்ட கையா, இவை எதுவுமே இல்லையா என்று உலகத்தில் யாராலும் சொல்லமுடியாது என்றேன். துவான் தலையாட்டினார். அந்தப் பதிலை அவர் ரொம்பக் காலமாகக் கேட்டு வருகிறவர். மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் பகுதியை நான் அப்படியே விட்டிருக்கிறேன், திருத்தத்தை அவர் சொன்ன இடத்திலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

பிறகு ஹான் ஒரு விஷயம் கேட்டார். எல்லா இடத்திலும் குழந்தை, குழந்தை என்றே எழுதியிருக்கிறாயே என்றார். பெயர் சொன்னால் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று நான் கேட்கவே இல்லை. யென் என்றார். எழுத்துக்கூட்டிச் சொன்னார். தமிழில் எப்படி இருக்கும், எழுதிக் காட்டு என்றார். தாளின் ஓரத்தில் எழுதினேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

யென்.

8

மீபுனைவு, அதாவது கதை எழுதுவதைப் பற்றியே கதை, எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு மூன்று முடிவுகளை வரிசையாக வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நானும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மீனாக்ஷி தாளைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கல்யாணம் நடக்காது என்கிறாள். எழுதும்போதே நம்பிக்கை வரவில்லை. அவள் அப்படிச் சொல்லமாட்டாள். ஒரு வாரம் பேசாமல் இருப்பாள், அதுதான் இன்னும் மோசம்.

இன்னொன்றில் அவள் நேரே காரை எடுத்துக்கொண்டு ஹான் வீட்டுக்குப் போகிறாள். கதவு திறந்ததும் கட்டிப்பிடித்து அழுகிறாள். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் பேரப்பிள்ளை பிறக்கிறது, விரல்களை எண்ணிப் பார்க்கிறார்கள். [ஒன்று, இரண்டு,] இதை எழுதியதற்காக எனக்கு என்மேலேயே கோபம். இந்தக் கதையில் யென் என்று ஒருத்தி இருக்கும்போது, குறையில்லாத குழந்தையைக் காட்டி வாசகரைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவது அவளை இரண்டாம் தடவை புதைப்பது.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு ஒதுங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். அது என்னுடையது இல்லை, அவ்வளவுதான்.

9

இதுவரை வாசகர்களைப் பார்த்துப் பேசுவதுபோல் எழுதிக்கொண்டு வந்தேன். அது பாவனை. இந்தத் தாள்கள் எந்தப் பத்திரிகைக்கும் போகவில்லை. இதற்கு ஒரே ஒரு வாசகிதான்.

மீனா, நீதான்.

உன்னைப் பற்றிக் கேலியாக எழுதிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருப்பாய். போட்டுக்கொள். விசாரித்துக்கொண்டு வா என்றாய், இதுதான் நான் விசாரித்தது. உன் சம்பந்தி குடிப்பதில்லை. கோபக்காரர் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு ஒரு பீப்பாய் பரிசு கொடுத்தார். வம்சத்தில் வியாதி உண்டா என்ற கேள்விக்கு விடை தெரியாது. அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நாம் இதுவரை யார் வீட்டிலாவது உண்மையான பதில் கேட்டு விசாரித்திருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இல்லை என்ற பதிலைக் கேட்கத்தான் எப்போதும் ஆள் அனுப்புகிறோம்.

என் ஆசை என்ன என்று கேட்டால் சொல்கிறேன். நீ பயப்படு. அழு. என்னைத் திட்டு. உன் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ பயப்படாவிட்டால்தான் எனக்கு உன்மேல் மரியாதை குறையும். ஆனால் அந்தப் பயத்தோடு அவள் பக்கத்தில் போய் உட்கார். அவள் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறாள், அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் தனியாக வந்து தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனதாக நீ நினைத்திருப்பாய். அதிதி வாசலில்தான் இருக்கிறாள், தன் காரில். நீ முழுக்கப் படித்து முடிக்கும்வரை உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.